ரசீது இல்லாத வரி: நானிங் வயல் முதல் பெம்பான் தோட்டம் வரை

('வரியும் வாழ்வும்' எனும் பொருளில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பெம்பான் வட்டாரப் பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் ரிமோட்டைத் தேடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். இது கணக்காய்வாளர்களுக்கான பேச்சு அன்று. என் பாட்டிக்கு நான் தரத் தவறிய ஒரு பதில்.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலம், ஜாசின் மாவட்டம், பெம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பெம்பான் என்பது மலாய் மொழியில் ஒரு செடியின் பெயர். அதன் தண்டைக் கிழித்துப் பாயும் கூடையும் முடைவார்கள். எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். சாலைக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் மின்விளக்கு எரியும். பத்து வயதுப் பையனாகப் பாட்டியிடம் கேட்டேன்: "அவங்களுக்கு மட்டும் கரண்டு இருக்கே, நாம போய்க் கேட்டா என்ன?" பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "நாம என்னப்பா கவர்மெண்டுக்கு வரியா கட்டுறோம், போய்க் கேக்குறதுக்கு?"

அவர் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர். வரி கட்டாதவளுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று நம்பியே கண்ணை மூடினார். அந்த நம்பிக்கை சரிதானா? அதைத்தான் இன்று வரலாற்றை வைத்துப் பார்க்கப் போகிறோம்.

பத்தில் ஒன்று கேட்ட கம்பெனி

கதை நம் மலாக்கா மண்ணிலேயே தொடங்குகிறது. இன்றைய அலோர் காஜா பக்கம் இருக்கும் நானிங், அந்நாளில் தனிப் பெங்ஹுலுவின் கீழ் இருந்த ஒரு சிறு நிலப்பகுதி. டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த 1641இல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். நடைமுறையில் அது வசூலாகவில்லை. காலப்போக்கில் ஆண்டுக்கு 400 காந்தாங் நெல் என்ற அளவில் அது நின்றது. மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் அது ஒரு மரியாதைக் காணிக்கை மட்டுமே.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேய டச்சு உடன்படிக்கைக்குப் பின் மலாக்கா கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆளுநர் ராபர்ட் புல்லர்ட்டன் பழைய ஏட்டைப் புரட்டினார். பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறதே, அதை ஏன் முழுதாக வாங்கக்கூடாது என்று கேட்டார். நிலக் கண்காணிப்பாளர் லூயிஸ் நானிங்கில் ஆள்களையும் நிலத்தையும் கணக்கெடுக்க அனுப்பப்பட்டார். பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்தார். எங்கள் முன்னோர் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது, புதிய வரிக்கு நாங்கள் ஒப்பவில்லை என்பது அவர் நிலை.

1831 ஆகஸ்டில் கம்பெனி சுமார் 150 படைவீரர்களை அனுப்பியது. காட்டு வழியில் மரங்களை வெட்டிச் சாய்த்து நானிங் மக்கள் வழிமறித்தார்கள். படை பீரங்கிகளைக் கைவிட்டுத் திரும்பி ஓடியது. மறு ஆண்டு கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டியது. பன்னிரண்டு மைல் தூரத்துக்குக் காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே, மாதத்துக்கு மூன்று நான்கு மைல் என்று ஊர்ந்து, 1832 ஜூனில் தாபோவைப் பிடித்தார்கள். டோல் சாயிட் 1834இல் சரணடைந்து, கம்பெனியின் உதவித் தொகையில் மலாக்காவிலேயே வாழ்ந்து 1849இல் மறைந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் போருக்கு ஆன செலவு சுமார் ஒரு லட்சம் பவுன். நானிங்கிலிருந்து எதிர்பார்த்த வரியோ ஆண்டுக்குச் சில நூறு பவுன்.

யானை புகுந்த நிலம்

இதில் தமிழர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வரி வசூலிக்க வந்த அந்தப் படை சென்னைப் படை. மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி எனும் காலாட்படைப் பிரிவுகள், சென்னைப் பீரங்கிப் படை, சென்னைச் சுரங்க வெடிப் படை எல்லாம் அதில் இருந்தன. அந்தப் போரில் கலந்துகொண்ட கேப்டன் பெக்பி எழுதிய மலாயா பற்றிய நூல் 1834இல் அச்சானதும் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில்தான்.

அந்தப் படைக்குச் சம்பளம் யார் வீட்டுப் பணம்? கம்பெனியின் இந்திய வருவாய். அதில் பெரும்பகுதி நில வரி. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ 1820களில் பரவலாக்கிய ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்துக்கு நேரடியாகக் கம்பெனிக்குப் பணமாகக் கட்டவேண்டும். மழை பொய்த்தாலும் கட்டவேண்டும் என்ற நெருக்கடி பல ஊர்களில் இருந்தது. ஆக, அங்கே ஒரு குடியானவர் கட்டிய வரி, இங்கே இன்னொரு குடியானவரிடம் வரி பிடுங்கச் செலவானது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை உங்களில் பலருக்குத் தெரியும். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலம்கூட யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது தின்றதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். 2019ஆம் ஆண்டு இந்திய வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் இந்தப் பாட்டை எடுத்துச் சொன்னார். நானிங்கில் யானை உண்மையாகவே வயலில் புகுந்தது. மிதிபட்டது நெல் மட்டுமன்று, அரசின் பணமும்தான்.

அபினும் கள்ளும் நடத்திய அரசாங்கம்

1826 முதல் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள். இவை சுங்கமில்லாத் துறைமுகங்கள் என்பது பெருமை. சரக்குக்கு வரி இல்லை, வியாபாரியின் லாபத்துக்கும் வரி இல்லை. அப்படியானால் சாலை போட, போலீசுக்குச் சம்பளம் தரப் பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி அபினிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறையப் பாதி அபின் வருவாய். சுரங்கத்திலும் படகுத்துறையிலும் முதுகொடிந்த சீனக் கூலி, வலி மறக்க இழுத்த புகையில் அரசு நடந்தது. நம்மவர்களுக்கு அந்த இடத்தில் கள் இருந்தது. கள்ளுக்கடை உரிமமும் கள் வருமானமும் அரசுக்குப் போயின. கள்ளை ஒழிக்கச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1947இல் கெடா, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டபோது போலீஸ் நடவடிக்கையும் உயிரிழப்பும் நேர்ந்தன.

இந்த இடத்தில் என் பாட்டியின் கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. கூலி வாங்கிய அன்றே அதில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகவும் புகையிலை வழியாகவும் அரசுக்குப் போய்விட்டது. ரசீது மட்டும் கொடுக்கவில்லை.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். மலாக்காவின் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டு, அதை ஆங்கிலக் கம்பெனிக்கு 20 லட்சம் வெள்ளி அளவுக்கு விற்றார். 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தொட்டது. நூறு விழுக்காட்டுக்கு மேல் லாப ஈவு கொடுத்த கம்பெனிகள் இருந்தன. அந்த லாபத்துக்கு மலாயாவில் வருமான வரி கிடையாது.

அபின் வருவாய் குறையும் என்று அஞ்சி 1911இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமான வரி மசோதா ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. வணிகர்களின் எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. முதல் உலகப் போர்ச் செலவுக்காக 1917இல் போர் வரி என்ற பெயரில் வந்து, சில ஆண்டுகளில் போய்விட்டது. நிலையான வருமான வரிச் சட்டம் 1947இல்தான் இயற்றப்பட்டது. அதுவும் முதலாளிகளின் கடும் எதிர்ப்பைத் தாண்டி வந்தது. அதற்குள் ரப்பரின் பொற்காலம் ஒன்று முழுதாக முடிந்திருந்தது.

நம் பெயரில் சேர்ந்த பணம்

1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று உருவானது. பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டுத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு தோட்டமும், அவர்கள் உழைத்த நாள்களைக் கணக்கிட்டுக் காலாண்டுக்கு ஒருமுறை இந்த நிதிக்குக் கட்டணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் ஆள் சேர்த்து, சாப்பாடு போட்டு, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

நியாயமாகப் பேசுவோம். இதில் நன்மை இருந்தது. சஞ்சிக்கூலி முறையில் கப்பல் கூலிக் கடனோடு வந்து இறங்கியவர், இந்த நிதியால் கடனில்லாமல் இறங்கினார். ஆள்களை இழுக்கும் முதலாளி, இழுக்காத முதலாளி என்று பாராமல் எல்லாரும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் விளைவைக் கவனியுங்கள். ஆள் வரத்து தட்டுப்பாடின்றி இருந்ததால் கூலி உயரவில்லை. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் விலை வீழ்ந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தால் அழைத்துவரவும், இல்லாவிட்டால் அனுப்பிவைக்கவும் நிதி இருந்தது. இங்கேயே இருந்து மூத்துப்போனவர்களுக்கு அதில் கிடைத்தது சிறு பங்கு.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆள் கொண்டுவரும் வேலை நின்றது; பணம் மிச்சம் நின்றது. சுதந்திரத்துக்குப் பின் 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, அவர்களின் நலனுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அந்த நிதி கலைக்கப்பட்டு, சொத்துகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன.

நம் முன்னோர் உழைத்த நாள்களை எண்ணி எண்ணிச் சேர்த்த நிதி அது. அது கலைந்தபோது எத்தனை லயங்களில் அதைப் பற்றிப் பேசினார்கள்? என் வீட்டில் பேசவில்லை. அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

1950களில் ரப்பர் ஏற்றுமதி வரி அரசாங்க வருவாயின் முக்கியத் தூண்களில் ஒன்று. கொரியப் போரின்போது 1951இல் விலை பவுண்டுக்கு 2 வெள்ளியைத் தாண்டியது. அரசுக் கருவூலமும் நிரம்பியது.

அதைக் கட்டியது கம்பெனிதானே என்பீர்கள். காசோலையில் கையெழுத்திட்டது கம்பெனிதான். ஆனால் ரப்பர் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. வரியை விலையில் ஏற்றி வாங்குபவர் தலையில் முழுதாகக் கட்ட முடியாது. மிஞ்சும் வழி இரண்டுதான். லாபம் குறையவேண்டும், அல்லது கூலி குறைவாக இருக்கவேண்டும். முழுச் சுமையும் தொழிலாளி தோளில் விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பகுதி விழுந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

1952இல் மறுநடவு நிதி வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பருக்கும் நாலரைக் காசு பிடித்து, பழைய மரங்களை அகற்றிப் புதுக்கன்று நடத் தோட்டங்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். மரம் மூப்படைந்தால் புதுக்கன்றுக்குப் பணம் இருந்தது. மரம் வெட்டியவர் மூப்படைந்தால்? 1951இல் வந்த ஊழியர் சேமநிதி இருந்தது. குறைந்த சம்பளத்தில் சேர்ந்த குறைந்த தொகை அது. வேலை முடிந்த நாளில் லயத்து வீடும் முடிந்தது.

1959இல் கிராம மேம்பாட்டுக்கென அமைச்சு உருவாகி, கம்பங்களுக்குச் சாலை, குழாய் நீர், மின்சாரம், கிளினிக் என்று வந்தன. அவை தேவையானவை, அந்த மக்களும் ஏழைகள்தான். ஆனால் தோட்டம் தனியார் நிலம். அதற்குள் வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்பது அரசின் நிலை. வீடு, நீர், மின்சாரம் எல்லாம் குறைந்தபட்சத் தரத்தில் இருக்கவேண்டும் என்று முதலாளிக்குச் சொன்ன சட்டம் 1966இல் வந்து, 1990இல் புதுப்பிக்கப்பட்டது. முதலாளியோ, விலை இறங்கிவிட்டது என்று கையை விரித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் அதே கதி. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பல பள்ளிகளுக்குப் பகுதி உதவிதான்.

இப்போது புரிகிறதா, எங்கள் லயத்துக்கு ஏன் மின்சாரம் வரவில்லை என்று? வரி வேலிக்கு உள்ளிருந்து வெளியே போனது. மேம்பாடு வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மின்கம்பிக்கும் எங்கள் விளக்குக்கும் நடுவே இருந்தது ஒரு தார்ச் சாலையும் ஒரு முள்வேலியும்தான்.

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி என்று தொழிலாளர்கள் கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாளுக்குச் சில வெள்ளி சம்பாதித்தவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட வரி என்று நான் அதைச் சொல்வேன். அதற்கு ரசீது இருந்தது, பங்குப் பத்திரமும் இருந்தது.

இன்றைய கணக்கு

இன்று பெம்பான் தோட்டப் பிள்ளைகளில் பலர் தாமான்களில் குடியிருக்கிறோம். கேள்வி மட்டும் பழையதுதான்.

2015 ஏப்ரல் 1இல் பொருள் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1இல் அது சுழியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடானது. 2025 ஜூலையில் வரிக்குட்பட்ட பொருள்களும் சேவைகளும் விரிவாக்கப்பட்டன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2016இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் 100 வெள்ளிக்கு வரியுள்ள பொருள் வாங்கினால் வரி 6 வெள்ளி. மாதம் 20,000 வெள்ளி வாங்குபவர் அதே பொருளை வாங்கினாலும் 6 வெள்ளிதான். ஒருவருக்கு அது சம்பளத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. மற்றவருக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. விகிதம் ஒன்று, பாரம் இருபது மடங்கு வேறு. அரிசி, சீனி, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு வரி போடாமல் விட்டதும், ஏழைகளுக்கு ரொக்க உதவி கொடுத்ததும் இந்தப் பாரத்தைக் குறைக்கத்தான். அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சொத்தின் பக்கம் பார்த்தால், இறந்தவரின் பெருஞ்சொத்துக்கு இருந்த மரபுரிமை வரி 1991 நவம்பரில் நீக்கப்பட்டது. பட்டியலிடப்படாத கம்பெனிப் பங்குகளை விற்றுக் கம்பெனிகள் பெறும் லாபத்துக்கு வரி 2024 மார்ச்சில்தான் வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட தனிநபர் லாப ஈவுக்கு 2 விழுக்காடு வரி, 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் தொடங்கியது. 1911இல் கைவிட்ட வாதம் இன்னும் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

நாட்டில் வருமான இடைவெளியை அளக்கும் கினி அளவு 1970இல் 0.513. 2022இல் 0.404. குறைந்திருப்பது உண்மை. அது வருமானத்தின் கணக்கு. யார் பெயரில் எவ்வளவு நிலமும் பங்கும் இருக்கின்றன என்பது வேறு கணக்கு. நான்கு தலைமுறை லயத்தில் இருந்த குடும்பத்துக்குப் பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்க என்ன இருந்தது?

பாட்டிக்குப் பதில்

நேயர்களே, வரி கெட்டது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. வரி இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, மருத்துவமனை இல்லை. எந்த வரி வந்தாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்டுப் பழகவேண்டும். கையெழுத்திடுபவர் யார், உண்மையில் சுமப்பவர் யார்? அவரால் தாங்க முடியுமா? அந்தப் பணம் அவர் வாசலுக்கு எந்த உருவில் திரும்புகிறது? நானிங்குக்கும் குடியேற்ற நிதிக்கும் ஏற்றுமதி வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் இந்த மூன்று கேள்விகளே போதும்.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வீட்டு மதிப்பீட்டு வரி மசோதா வரும்போது அதைப் படியுங்கள். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்க 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கடை ரசீதில் சேவை வரி எவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாமான் வடிகால் அடைத்தால், விளக்கு எரியாவிட்டால், தயங்காமல் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். யாரிடமும் சலுகை கேட்கவில்லை என்ற நிமிர்வோடு எழுதுங்கள்.

பாட்டி, நீங்கள் வரி கட்டினீர்கள். வெற்றிலையோடு சேர்த்து வாங்கிய புகையிலையில் கட்டினீர்கள். மங்கில் வடிந்த ஒவ்வொரு சொட்டுப் பாலிலும் கட்டினீர்கள். பத்துக் காசு குறைந்த பெண் கூலியில், யாரும் கணக்கில் எழுதாத வரியையும் கட்டினீர்கள். போய்க் கேட்டிருக்கலாம் பாட்டி. உங்களுக்கு உரிமை இருந்தது.